மீனுக்கு முன்னே நீரை வளர்ப்போம்



பள்ளி விட்டதும் லோங்காங்கில் இறங்கி, கைக்குட்டையை விரித்துக் குப்பி மீன் பிடித்து, அதை ஜாம் போத்தலில் வளர்த்தவர்கள் நம்மில் பலர். அம்மீன்கள் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வயிறு மேலாக மிதந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். இன்று நம்முள் சிலர் வரவேற்பறையில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியே வைக்கிறோம். ஆயினும், போத்தலில் செய்த அதே தவற்றைத் தொட்டியிலும் செய்கிறோம். அந்தத் தவறு யாது, செடிகள் செழித்த ஒரு பெரிய நன்னீர்த் தொட்டியை அமைத்துப் பேணுவது எப்படி என்பதை இன்று காண்போம்.

முதலில் எங்கள் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பெரிய தொட்டி வாங்கி நீர் நிரப்பிய மூன்றாம் நாளே இருபது ரஸ்போரா மீன்களை விட்டோம். உடலின் பின்பாதியில் கரிய முக்கோணம் வரைந்தாற்போன்ற அழகிய மீன் அது. மலாயாத் தீபகற்பத்துக் காட்டோடைகளுக்கு உரியது. பத்தாம் நாள் ஆறு மீன்களே எஞ்சின. மருந்து ஊற்றினோம், பயனில்லை. “தண்ணி சுத்தமா இருக்கே அப்பா, அப்புறம் ஏன் சாகுது?” என்று எங்கள் இளைய மகள் கேட்டாள். அதற்கு அன்று எங்களிடம் விடை இல்லை.

விடை இதுதான். தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா உண்டாகிறது. இந்நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. நீரின் வெப்பம் கூடக் கூட இதன் கொடுமையும் கூடும். ஆற்றிலும் ஓடையிலும் இதை மாற்றி அமைக்கும் நுண்ணுயிர்கள் கற்களிலும் மணலிலும் குடியிருக்கின்றன. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டு ஆக்குகிறது. அதுவும் மீனுக்கு நஞ்சே. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டு ஆக்குகிறது. நைட்ரேட்டு அவ்வளவு கேடு செய்வதில்லை. செடிகளுக்கு அது உணவுமாகும். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். நாங்களோ மூன்றே நாள்தான் பொறுத்திருந்தோம்!

செடிக்கும் மீனுக்கும் உள்ள இவ்வுறவு நெடுநாளைக்கு முன்பே ஆராயப்பட்டது. இலண்டன் மாநகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே கலத்தில் இட்டுப் பார்த்தார். சிறிது காலத்தில் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. இந்த ஆய்வை அவர் 1850இல் வெளியிட்டார். செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலையே நல்ல தொட்டியின் அடிப்படை என்பதை நாம் இதிலிருந்து அறிகிறோம்.

இனித் தொட்டி அமைக்கும் முறைக்கு வருவோம். நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 340 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் எடை 400 கிலோவைத் தாண்டிவிடும். ஆறு பெரியவர்கள் எந்நேரமும் ஓரிடத்தில் நெருங்கி நிற்பதற்கு அது சமம். ஆகவே அடுக்குமாடி வீட்டில் இருப்போர், தளம் இவ்வெடையைத் தாங்குமா என்பதை அறிந்தவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே தொட்டி வாங்குதல் வேண்டும். தாங்கி உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். வெயில் நேரே விழும் சன்னலோரம் ஆகாது; நீர் சூடேறும், பாசியும் பெருகும்.

அழகுக்காகச் சிதைந்த கோட்டை, வண்ணக் கூழாங்கல் என்று நாம் தேடி அலைய வேண்டியதில்லை. நம் நாட்டுக் காட்டோடை ஒன்றை மனத்தில் கொண்டாலே போதும். அடியில் செடிக்கு உரமான மண்ணும் அதன்மேல் மணலும் பரப்புங்கள். முன்புறம் இரண்டு அங்குலமும் பின்புறம் நான்கு அங்குலமுமாகச் சரிவு இருந்தால் ஆழம் உள்ளதாய்த் தோன்றும். பெரிய மரவேரைச் சரிநடுவில் வைக்காமல் ஒருபக்கமாக, மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் வையுங்கள். உயரமாக வளரும் செடிகள் பின்னால், குட்டையானவை முன்னால். நடுவே மீன்கள் நீந்தத் திறந்த வெளி இருக்கட்டும்.

செடிகளிலும் நம் பக்கத்துச் செடிகளே நமக்கு எளியவை. கிரிப்டோகோரைன் என்னும் செடியினத்தில் பல வகைகள் மலேசியக் காட்டோடைகளில் இயல்பாக வளர்கின்றன. அவற்றைக் காட்டிலிருந்து பிடுங்காமல், வளர்ப்போரிடம் வாங்க வேண்டும். நட்ட சில நாளில் இதன் இலைகள் கரைந்து அழுகுவதுண்டு. செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் உயிரோடிருந்தால் மீண்டும் துளிர்க்கும். ஜாவா பெரணியை மண்ணில் புதைத்தால் அதன் தண்டு அழுகிவிடும்; வேரிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட வேண்டும். இவ்விரண்டும் மங்கிய வெளிச்சத்திலும் வளர்வன. கரியமில வாயுச் சிலிண்டர் இன்றியே இவற்றை வளர்க்கலாம்.

விளக்கைத் தொடக்கத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம் எரியவிடுங்கள். செடி வேரூன்றியபின் எட்டு மணி நேரம் ஆக்கலாம். வெளிச்சம் கூடினால் செடி வேகமாக வளரும் என்று எண்ணுவது தவறு. செடியால் பயன்படுத்த முடியாத வெளிச்சம் பாசிக்கே விருந்தாகும். நம் நாட்டு வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். ஆகவே மீன்களை நெருக்கமாக விடுதல் கூடாது. வெப்பம் மிகுந்த நாளில் நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறியை வீசச் செய்தால் நீர் ஆவியாகிச் சற்றே குளிரும்.

குழாய் நீரை அப்படியே ஊற்றலாகாது. அதில் கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரின் மீனையும் நுண்ணுயிரையும் தாக்கும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் உள்ளது; அது வாளியில் ஒருநாள் வைத்திருந்தாலும் போகாது. அதை முறிக்கும் மருந்தை அளவோடு கலந்தே பயன்படுத்த வேண்டும்.

நீர் நிரப்பிச் செடி நட்டபின் பொறுமையாக இருங்கள். வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கட்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி இட்டு வந்தால், அது அழுகி நுண்ணுயிர்களுக்கு உணவாகும். நண்பரின் பழைய தொட்டி வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கிடைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிமருந்தால் நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கண்ட பின்னரே முதல் மீன்களை விட வேண்டும். அதுவும் ஐந்தாறு மட்டுமே. மற்றவற்றை வாரங்கள் இடைவிட்டுச் சேர்க்கலாம்.

பிறகு செய்ய வேண்டியது வாரத்தில் ஒரு மணி நேர வேலைதான். மென்குழாயால் அடியிலுள்ள கழிவை உறிஞ்சி, நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். முழுத் தொட்டியையும் காலி செய்து கழுவாதீர்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் அலசினால், பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கே தீனி போடுங்கள். பழுத்த இலைகளைக் கத்தரித்து விடுங்கள்.

இன்னொன்றையும் கூற வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று நாம் வாங்கும் விரல் நீள மீனுக்கு மலாயில் ‘இக்கான் பண்டாராயா’, அதாவது நகராட்சி மீன், என்று வேடிக்கையான பெயர் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் ஓரடிக்கும் மேல் வளரும். தொட்டி கொள்ளாதபோது, பாவம் பிழைத்துப் போகட்டும் என்று சிலர் ஆற்றில் விட்டுவிடுகின்றனர். இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் இவை பெருகிக் கிடக்கின்றன. ஒரு மீனுக்கு இரங்குவதாக எண்ணி, ஆற்றையே வாழ்விடமாகக் கொண்ட நம் நாட்டு மீன்களுக்கு நாம் தீங்கு செய்கிறோம். சிங்கப்பூரில் அனுமதியின்றி உயிரினங்களை இயற்கையில் விடுவது சட்டப்படி குற்றமுமாகும். வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமோ நண்பரிடமோ கொடுங்கள். கத்தரித்த செடிகளையும் லோங்காங்கில் எறியாமல், வெயிலில் உலர்த்திக் குப்பையில் போடுங்கள்.

எங்கள் இரண்டாம் முயற்சியில், எஞ்சிய ஆறு மீன்களை நண்பரின் பழைய தொட்டியில் விட்டுவிட்டு, ஆறு வாரம் வெறும் நீரையும் செடியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். துளிமருந்து இட்டுச் சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்ப்பது எங்கள் மகளின் பொறுப்பாயிற்று. ஒரு மாலை, நைட்ரைட்டு இல்லை என்று அவளே அறிவித்தாள். அந்த ஆறு மீன்களும் வீடு திரும்பின. மறுவாரமும் எண்ணினாள், ஆறும் இருந்தன.

நீர் நலமாக இருந்தால் மீனும் நலமாக வாழும். ஆகவே, நேயர்களே, தொட்டி வாங்கும் ஆர்வத்தோடு ஆறு வாரப் பொறுமையையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டு வருவோமாக.