தண்ணீர் ஊற்றியே சாகிற கள்ளி

டிராகன் பழம் இன்றைக்கு நம் பக்கத்துத் தோட்டங்களிலும் தூண் ஏறிவிட்டது. அதைப் பழச்செடி என்று வாங்குகிறோமே தவிர, அது கள்ளி இனம் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த மறதியால் தொட்டியிலேயே செடியைப் பறிகொடுத்தவர்கள் பலர். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

போன கார்த்திகையில் ஒரு சகோதரி கையில் தொட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார். தை பிறந்ததும் வரப்போரம் 10 தூண் நட்டு, தூணுக்கு 4 செடி வைக்கலாம் என்று வீட்டு முற்றத்தில் 40 தொட்டிகளில் துண்டு ஊன்றி வைத்திருந்தாராம். "12 செடி வாடிப்போச்சுங்க ஐயா. தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறேன். இன்னும் வாடுதே தவிரத் தேறல" என்றார்.

"வாடுறதுக்கு முன்னாடி எத்தனை வேளை ஊத்தினீங்கம்மா?"

"ஒரு வேளைதாங்க. வாடினதும் ரெண்டாக்கினேன்."

சங்கதி அங்கேதான் இருக்கிறது. வேரழுகல் வந்த கள்ளியும் வாடும், தண்ணீர் இல்லாத கள்ளியும் வாடும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வேர் அழுகிப்போனால் தொட்டி நிறைய ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். விவசாயப் பட்டம் வாங்கிய நானே என் வீட்டு வாசலில் இருந்த உருண்டைக் கள்ளியை இப்படித்தான் கொன்றேன்.

வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றை அது சுவாசிக்கிறது. அந்த இடுக்குகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் நுனி மூச்சு முட்டிச் சாகும். பித்தியம், பைட்டோப்தோரா, பியூசேரியம் போன்ற நோய்க்கிருமிகள் உள்ளே புகுவதற்கு அதுவே வழி. நெல்லும் வாழையும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து நீரை ஆவியாக விடுகின்றன. கள்ளியோ பகலில் மூடிக்கொண்டு இரவில் திறக்கும். ஆகவே அதன் செலவு மிகக் குறைவு. டிராகன், மரத்தில் தொற்றி ஏறும் காட்டுக் கள்ளி. பாலைவனக் கள்ளியைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும், அவ்வளவுதான்.

தாகமா, அழுகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்டின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். தாகமென்றால் தண்டு சுருங்கியிருக்கும், அடி கெட்டியாக இருக்கும். அழுகலென்றால் அடி பழுப்பேறி, நீர் கோத்து, மெதுமெது என்று அமுங்கும். செடியை லேசாக அசைத்தால் ஆடும். நாற்றமும் அடிக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஓர் ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டியிருந்தால் அது தாகம் அல்ல.

அழுகல்தான் என்று தெரிந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறுங்கள். நல்ல வேர் வெளுப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். கறுத்துக் குழகுழத்த வேரை எல்லாம் நறுக்கிவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்கணும். தண்டிலும் அழுகல் ஏறியிருந்தால், வெட்டிய முகத்தைக் கூர்ந்து பாருங்கள். நடுவே உள்ள நரம்பில் கடுகளவு பழுப்பு இருந்தாலும் நோய் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் மேலே வெட்டுங்கள். பழுப்பே இல்லாத இடம் வரும் வரை வெட்டணும். பாதிச் செடி போகிறதே என்று மனம் கேட்காது. ஆனால் அங்கே இரக்கப்பட்டால் முழுச்செடியும் போய்விடும்.

வேர் முழுக்கப் போயிருந்தாலும் கவலை இல்லை. மேலே மிஞ்சிய நல்ல தண்டு புது வேர் விடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து, வெட்டுப்பகுதியை நனைத்து எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம், தடித்த தண்டானால் 10 நாளுக்கு மேலும், சும்மா போட்டு வையுங்கள். வெட்டு முகம் காய்ந்து தோல் கட்டணும். பச்சைப் புண்ணோடு ஈரமண்ணில் ஊன்றினால் திரும்பவும் அழுகும். எது அடி, எது நுனி என்று அடையாளம் போட்டு வையுங்கள். ஊன்றிய பிறகும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்.

தொட்டி மண்ணுக்கு வருவோம். வயல் களிமண் ஆகவே ஆகாது. செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு போடுங்கள். பொடிமணல் இறுகிப்போகும். மணல் விற்கிற விலையில் வாங்க முடியாதவர்கள் செங்கல்லைச் சிறு ஜல்லியாக உடைத்துச் சலித்துப் போடலாம். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஓட்டாஞ்சல்லி நிரப்பும் பழக்கம் பலருக்கும் உண்டு. அதனால் பயன் இல்லை. மேல்மண்ணின் ஈரம் அந்தச் சல்லிக்கு மேலேயே தங்கிவிடும். துளை அடைபடாமல் ஒரு சில்லு வைத்தால் போதும். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம், ஈரம் காய நாளாகும். பிளாஸ்டிக்கைவிட மண்தொட்டி நல்லது. அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

தொழுஉரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போடுவது நல்ல பாதுகாப்பு. 100 கிலோ உரத்துக்கு ஒரு கிலோ போதும். ஆனால் காப்பர் மருந்து ஊற்றிய மண்ணில் உடனே இதைப் போடாதீர்கள், அதுவும் செத்துவிடும். 15 நாள் இடைவெளி விடணும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைக் கூரைக்கடியில் வெளிச்சம் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். மற்ற நாளில் ஈர்க்குச்சி காய்ந்து வந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

அந்தச் சகோதரியின் 12 செடிகளில் 7 பிழைத்தன. மீதி 5 செடிகளில் பழுப்பு நுனிவரை ஏறிவிட்டது. அவற்றை எரிக்கச் சொன்னேன். போகும்போது, "இந்தத் தொட்டி மண்ணை மிளகாய் நாற்றங்காலில் கொட்டிடட்டுமா?" என்று கேட்டார். நல்லவேளை, கேட்டார். இதே பித்தியம்தான் மிளகாய், தக்காளி நாற்றுகளை அடித்தண்டு அழுகிச் சாய வைக்கிறது. அந்த மண்ணை நாற்றங்காலுக்கோ குப்பைக் குழிக்கோ கொண்டுபோகாமல், பயிர் வைக்காத மூலையில் குழி வெட்டிப் புதையுங்கள். பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே திரும்ப எடுங்கள்.