சன்னலை அடைத்தால் போதுமா?



ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் காவலர் அறையில் எல்லா வீட்டுச் சாவிகளும் ஒரே கொத்தாகத் தொங்குகின்றன. வேலைக்கு வசதிதான். ஆனால், அந்த அறையின் சன்னல் உடைந்தால்? அத்தனை வீடுகளுக்கும் ஆபத்து.

இணையத்தளங்களையும் மின்னஞ்சலையும் தாங்கி நிற்கும் சர்வர்களுக்கும் இப்படி ஒரு காவலர் அறை உண்டு. அதுதான் நிர்வாக மென்பொருள். அவற்றுள் ஒன்று 1997-இல் வெளிவந்த வெப்மின். புதுப் பயனரைச் சேர்ப்பது, கடவுச்சொல்லை மாற்றுவது எல்லாவற்றையும் இணைய உலாவியிலேயே செய்து முடிக்கலாம். அதற்காகவே அது சர்வரின் உச்ச அதிகாரத்துடன் இயங்குகிறது.

2006-இல் அதில் ஒரு குறை வெளிப்பட்டது. வெளியிலிருந்து ஒருவர் ஒரு கோப்பைக் கேட்டால், அவர் அனுமதித்த இடத்தைத் தாண்டிப் போகிறாரா என்று வெப்மின் சோதிக்கும். இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் சேர்ந்து வந்தால் தடுத்துவிடும். ஆனால், தேவையற்ற எழுத்துகளைச் சோதனைக்குப் பிறகுதான் நீக்கியது. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே அப்படியோர் எழுத்தைச் செருகி அனுப்பியவர் சோதனையில் சிக்கவில்லை. முகமூடி அணிந்தவரை உள்ளே விட்டுவிட்டு, பிறகு முகமூடியைக் கழற்றிய கதைதான்!

கடவுச்சொல் இல்லாமலே சர்வரின் எந்தக் கோப்பையும் படிக்க முடிந்தது. பயனர்களின் கடவுச்சொற்களைக் காக்கும் கோப்பும் அதில் அடக்கம்.

அக்கோப்பில் கடவுச்சொற்கள் அப்படியே இருப்பதில்லை, உருமாற்றப்பட்டே இருக்கும். ஆனாலும், கோப்பைக் கொண்டுபோனவர் தம் கணினியில் ஒவ்வொரு சொல்லாக அதேபோல் உருமாற்றி ஒப்பிடலாம். எளிய சொற்கள் விரைவில் அகப்படும். சர்வரில் எந்த அறிகுறியும் தெரியாது.

வெப்மினின் 1.290 பதிப்பு அக்குறையைச் சரிசெய்தது. பலர் அதோடு நிம்மதி அடைகிறார்கள். இங்கேதான் தவறு. சன்னலை அடைத்தாலும் களவுபோன சாவிகள் திரும்பி வருவதில்லை. மென்பொருளைப் புதுப்பித்த அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். அதே சொல் வேறெங்கும் இருந்தால், அங்கும் மாற்ற வேண்டும்.

உங்கள் கடைக்கோ சங்கத்துக்கோ இணையத்தளம் உண்டா? அதைக் கவனிப்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நிர்வாக மென்பொருளைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? அதன் வாசல் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறதா, அலுவலகத்துக்கு மட்டுமா? கடவுச்சொற்களை மாற்றினீர்களா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை விடாதீர்கள்.