மூத்தது சவலை ஆகலாமா?



மல்லாட்டை விதைக்கும்போது வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறோம். ஒன்றின் சத்தை இன்னொன்று பிடுங்கக் கூடாது என்றுதானே? பிள்ளைக்கும் அதே கணக்குதான்.

அடுத்தது வந்ததால் பாலும் கவனிப்பும் குறைந்து மெலியும் பிள்ளையைச் சவலை என்கிறோம். ஆப்பிரிக்காவின் கானா நாட்டாரும் இதை அறிவார்கள். அவர்கள் வைத்த 'குவாஷியார்கர்' என்ற பெயரையே 1935-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் மருத்துவ உலகுக்குச் சொன்னார்.

ஆகவே மூத்ததற்கு 2 வயது நிறைந்த பிறகே அடுத்த கர்ப்பம் நல்லது. தாய்ப்பாலைத் திடீரென நிறுத்தாதீர்கள். பருப்புச்சோறு, முட்டை, அரைத்த மல்லாட்டை, அங்கன்வாடி சத்துமாவு கொடுங்கள்.

அப்பாவிடமோ பாட்டியிடமோ படுக்க வைப்பதைப் பிரசவத்துக்குச் சில மாதம் முன்பே பழக்குங்கள். பிறந்த அன்றைக்குப் பிரித்தால், "பாப்பா என் இடத்தைப் பிடுங்கிக்கிச்சு" என்றுதான் அதற்குத் தோணும். படுக்கையை நனைத்தாலும், பாப்பாவைக் கிள்ளினாலும் அடிக்காதீங்க. அது குறும்பு இல்லை, ஏக்கம். தினமும் கொஞ்ச நேரம் தாய் மூத்ததோடு மட்டும் இருக்கட்டும்.

நம்ம திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டில் கட்டி மாடவீதி வருகிறோம். தொட்டிலில் இளையது கிடக்கும்போது, மூத்ததைத் தகப்பனார் தோளில் தூக்கிக்கொள்ளட்டும்.