லயத்துக்கு ஒரு முகவரி
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன விடுமுறையில் பாடசாலைப் பிள்ளைகளைத் திருகோணமலைக்குக் கூட்டிப் போனோம். கோணேசரைக் கும்பிட்டுத் திரும்பும்போது கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துச் சேமக்காலையையும் பார்த்தோம். அங்கே சார்ள்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி அவர்.

1801இல், பிடித்த எதிரிக் கப்பலில் பங்குப் பணம் கிடைத்ததும் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கியவர். கொழும்புக் கடையில் நிற்கும் நம் பையன்கள் தீபாவளிக்கு அக்காவுக்குச் சேலை கொண்டுவருவது மாதிரித்தான்.

1850இல், 70 வயதில், கிழக்கிந்திய, சீனக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமைத் தளபதியானார். மனைவி ஹரியற் இங்கிலாந்தில். அந்த நாளில் அங்கிருந்து வரும் கடிதம் எகிப்தில் இறங்கி, தரை வழியே சுயஸ் போய், மறுபடி கப்பலேறிக் காலிக்கு வர ஏறக்குறைய ஒன்றரை மாதம். கேட்ட கேள்விக்குப் பதில் வர மூன்று மாதம். 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி பர்மாவில், ஐராவதி ஆற்றில், கப்பலிலேயே கொலராவில் இறந்துபோனார். உடலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். செய்தி வீடு சேரும்வரை அந்த அம்மா, புருஷன் உயிரோடு இருக்கிறார் என்றுதானே எழுதியிருப்பார்?

ஆனாலும் பெயரையும் கப்பலையும் எழுதினால் கடிதம் போகும்.

அதே காலத்தில்தான் நம் பூட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைப் பக்கம் காட்டுவழியே நடந்தார்கள். பெரும்பாலும் ஆம்பிளைகள், பெண்சாதி பிள்ளைகள் ஊரில். எழுத்துத் தெரியாது. ஊருக்குச் சேதி கங்காணி வாயால், அல்லது திரும்பிப் போகிறவன் வாயால். வழியில் விழுந்து செத்தவனைப் பற்றி யார் சொல்வது? "எங்கட பூட்டனுக்குக் கல்லு எங்க, சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நமக்குப் பதில் வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டது, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து போய் அங்கே குடியேறிய சொந்தக்காரர் வீட்டில். வாசலில் இலக்கத் தகடு. தபால்காரர் சைக்கிளில் வந்து மணி அடித்துக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். கடலைவிட அதைத்தான் பிள்ளைகள் அதிசயமாகப் பார்த்தார்கள்.

இன்றைக்கு நமக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் பல தோட்டங்களில் லயத்து அறைக்கு முகவரி இல்லை. தபால் தோட்ட ஒப்பீசுக்கு வந்து, மேசையில் கிடந்து, யாரோ கொண்டுவந்தால் உண்டு. நம்மிடம் படித்த ஒரு பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து நாலாம் நாள் கிடைத்தது. நகையை ஏலம் போடும் அறிவித்தல், ஏலம் முடிந்தபின் வந்த வீடும் உண்டு.

பிந்தி வந்த கடிதங்களின் உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். தபால் முத்திரைத் திகதி அதில் இருக்கும். கைக்குக் கிடைத்த திகதியைப் பக்கத்தில் எழுதி, இந்த மாதச் சம்பளத்துக்கு முன் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். முகவரி கேட்டு எழுதப்போகும் மனுவோடு அவற்றைத்தான் இணைக்கப் போகிறோம்.