மாதவிலக்கு வலியும் பேசாத எலிகளும்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் பெண்கள் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



சபையாகக் கூடும் இடங்களில் நாம் பேசக் கூச்சப்படுகிற ஒரு காரியத்தைக் குறித்து இன்று பேச வந்திருக்கிறோம். மாதவிலக்கு நாட்களில் வரும் கடுமையான வயிற்று வலியே அது. உங்களில் சிலர் ஒரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள்: “இந்த வலியை ஆராய எலிகளை வருத்துகிறார்களாமே, அது அவசியந்தானா?” இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

எங்களிடம் வரும் வாலிபப் பிள்ளைகள் பலர் வலியை மட்டும் கொண்டு வருவதில்லை. “எல்லாருக்கும் உள்ளதுதானே, பொறுத்துக்கொள்” என்ற வார்த்தையையும் சுமந்து வருகிறார்கள். இதை ஏவாளுக்கு வந்த சாபம் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. ஆதியாகமம் சொல்லுவது பிள்ளைப்பேற்றின் வேதனையை. மாதவிலக்கு வலியைப் பற்றி அங்கே எதுவும் இல்லை. இதை மனதின் பலவீனம் என்று தள்ளிவிட்ட மருத்துவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள்.

அது மனதின் கோளாறு அல்ல என்பது எப்படித் தெரிய வந்தது? 1957-ல் இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்பவர், தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் மாதவிலக்குத் திரவத்தில் இருக்கிறது என்று எழுதினார். அதில் ப்ராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் இருப்பதும், வலியுள்ள பெண்களிடம் அது மிகுதியாக இருப்பதும் பிறகு தெரிந்தது. அது கர்ப்பப்பையின் தசையை இறுகப் பிசைகிறது. இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. இரத்தம் போதாமல் தசை வலிக்கிறது. சிலருக்கு அந்நாட்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கும் இதுவே காரணம்.

1971-ல் லண்டனில் ஜான் வேன் என்னும் விஞ்ஞானி, கினிப் பன்றியின் நுரையீரல் திசுவை வைத்துச் செய்த சோதனையில், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன என்று காட்டினார். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இன்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் மெஃபனாமிக் அமிலமும் ஐபுபுரூஃபனும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன. ஆகவே அந்தச் சிறு பிராணிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மறைக்க மாட்டோம்.

ஆனால் எலி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சாதாரண எலிக்கு மாதவிலக்கே கிடையாது. மனிதர், குரங்கினங்களில் பல, சில வௌவால்கள் என வெகு சில உயிர்களுக்கே அது உண்டு. ஆகவே ஆய்வுக்கூடத்தில் பெண் எலிக்குச் சில நாள் ஈஸ்ட்ரோஜன் கொடுத்து, பிறகு ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். பிரசவ அறையில் வலி எடுக்க நாங்கள் கொடுப்பதும் அந்த ஆக்ஸிடோசின்தான். எலி எத்தனை முறை உடலை முறுக்குகிறது என்று எண்ணுகிறார்கள். மருந்து கொடுத்தபின் முறுக்கல் குறைந்தால், வலி குறைந்தது என்று கொள்ளுகிறார்கள்.

இதில் தெரிவது ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வலி. மாதந்தோறும் திரும்பி வரும் வலி, பரீட்சை நாளில் வந்துவிடுமோ என்ற பயம், வேலைக்குப் போக முடியாத சங்கடம் ஆகியவை அந்த எண்ணிக்கையில் அடங்காது.

2017-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் ஒரு புதிய செய்தியை வெளியிட்டார்கள். முதுகில் முள்போன்ற மயிருள்ள ஒருவகைச் சுண்டெலிக்கு இயல்பாகவே மாதவிலக்கு உண்டாம். நம் ஊர் முள்ளெலி வேறு, இது வேறு. இதன் சுழற்சி சுமார் 9 நாள். உதிரப்போக்கு சுமார் 3 நாள். ஆய்வுக்கு இது பெரிய உதவி. ஆனாலும் எங்கே வலிக்கிறது என்று அதுவும் வாய் திறந்து சொல்லாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இது. எங்கள் மருத்துவமனையில் மிருகச் சோதனை நடப்பதில்லை. நடக்கும் இடங்களில், மாற்று வழி இருந்தால் அதைக் கையாள வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வேதனையைத் தணிக்க வேண்டும். 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் வகுத்த நெறி இது. பெண்கள் தாங்களாகச் சொல்லக்கூடியதை அறிய ஒரு எலியையும் வருத்த வேண்டியதில்லை. அவர்களைக் கேட்டாலே போதும்.

வீட்டுக்குப் போய் நீங்கள் செய்யக்கூடியதும் அதுவே. வலிக்கிறது என்று மகள் சொன்னால் நம்புங்கள். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாத்திரையை, வலி முற்றும்வரை காத்திராமல், தொடக்கத்திலேயே சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பது நல்லது. குடல்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எடுக்கக் கூடாது. மாத்திரைக்கும் அடங்காத வலி, வரவர அதிகரிக்கும் வலி, மற்ற நாட்களிலும் தொடரும் வலி என்றால் கட்டாயம் அழைத்து வாருங்கள். எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் அதன் பின்னால் இருக்கக்கூடும்.

உங்கள் காணிக்கையால் எங்கள் பிரிவில் ஒரு பிள்ளை அவசரமில்லாமல் உட்கார்ந்து தன் வலியைச் சொல்ல முடிகிறது.