பள்ளிக்காக ஓர் ஓட்டம், பந்தியில் ஓர் அறம்

(திருவிழாவை முன்னிட்டு ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ப்பள்ளியின் வளர்ச்சி நிதிக்காக அறப்பணி ஓட்டம் ஒன்றையும் அதனைத் தொடர்ந்து விருந்து ஒன்றையும் நடத்துவது பற்றிய எண்ணம் பல ஊர்களில் எழுந்து வருகிறது. ஆலயத்தின் விழாவில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் ஐயுறலாம். அவ்வையத்திற்கு விடை கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரின் திருக்கோயிலைச் சார்ந்து 340 மாணவர்கள் கற்பதற்கு வழிவகை செய்யப்பட்டிருந்தது. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள திருமுக்கூடல் கோயிலின் கல்வெட்டு, வீரராசேந்திரன் காலத்தில் அங்கு ஒரு கல்விக்கூடமும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கியதைத் தெரிவிக்கிறது. ஒரு மாணவனுக்கு நாள்தோறும் எவ்வளவு நெல், ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு நெல் என்பதெல்லாம் அளவிட்டுக் கல்லில் பொறிக்கப்பட்டன. கொடுத்ததைச் சொன்னதோடு, அது எதற்குச் செலவாக வேண்டும் என்பதையும் ஊரறியச் சொன்னார்கள். அறத்திற்குக் கணக்கு உண்டு என்பது முன்னோர் விட்டுச் சென்ற பாடமாகும்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் வரலாறு 1816ஆம் ஆண்டு பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கப்பெற்ற தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. பின்னர் இரப்பர் தோட்டங்கள் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சட்டம் இருந்தபோதிலும், பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளியாகவும், ஒருவரே எல்லா வகுப்புகளுக்கும் ஆசிரியராகவும் இருந்த காலம் உண்டு. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. சிறு பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்ததும் இதற்குக் காரணங்களாகும். தோட்டம் போனது, பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. பிள்ளைகளோ அடுக்குமாடி வீடுகளிலிருந்து வேனில் ஏறி வர வேண்டியவர்களாயினர்.

இங்குதான் நிதியின் தேவை பிறக்கிறது. தமிழ்ப்பள்ளிகளுள் முழு உதவி பெறுபவை உண்டு; பகுதி உதவி பெறுபவையும் உண்டு. பகுதி உதவி பெறும் பள்ளிகள் அரசுக்குச் சொந்தமல்லாத நிலத்தில் அமைந்தவை. ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு தருகிறது. ஆயினும் கட்டடத்தின் பராமரிப்பும் விரிவாக்கமும் பெரிதும் மேலாளர் வாரியத்தின் தோள்களில் விழுகின்றன. அவ்வப்போது அரசு மானியம் வழங்கினாலும், கூரை ஒழுகும் நாளும் மானியம் வரும் நாளும் ஒன்றாக அமைவதில்லை.

“பள்ளிக்குச் செய்ய வேண்டியது அரசின் கடமை, மக்கள் ஏன் பணம் திரட்ட வேண்டும்?” என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டியதை நன்கொடையால் நிரப்பிவிட்டால், கேட்கும் குரல் தளர்ந்துவிடும். ஆகவே வரையறை வேண்டும். வகுப்பறை, மேசை நாற்காலி, ஆசிரியர் ஆகியவற்றுக்கு மனு எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டத்திலும் விருந்திலும் திரளும் பணமோ, எந்த மானியத்திலும் இடம்பெறாதவற்றுக்குச் செல்ல வேண்டும். வேன் கட்டணம் கட்ட இயலாத பிள்ளையின் போக்குவரத்து, காலையுணவின்றி வரும் பிள்ளைக்கு ஒரு வேளைச் சிற்றுண்டி, நூலகத்திற்குப் புதிய தமிழ் நூல்கள், பின்தங்கிய மாணவர்க்கு மாலை நேர வகுப்பு என்பன அவை. எதற்காகத் திரட்டப்படுகிறது என்பதை முதல் அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் பாதி ஐயம் நீங்கும்.

சிறு தொகைகளால் பெருங்காரியம் ஆகுமா? ஆகியிருக்கிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ்வேள் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் முரசு வாயிலாகக் குரல் கொடுத்து, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கொடுத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் தொழிலாளரின் சிறு சேமிப்புகளைத் திரட்டியே தோட்டங்களை வாங்கியது.

ஓட்டத்தின் வாயிலாக நிதி திரட்டும் முறைக்கும் உயர்ந்த முன்மாதிரி ஒன்று உண்டு. கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ், புற்றுநோயால் 1977இல் ஒரு காலை இழந்தவர். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் செயற்கைக் காலோடு அவர் ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் மீண்டும் தாக்கியதால் ஓட்டம் நின்றது. நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். 1981இல் அவர் மறைவதற்கு முன்பே அந்த இலக்கு எட்டப்பட்டது. அவர் பெயரால் நடைபெறும் ஓட்டம் மலேசியாவிலும் நடந்திருக்கிறது. அதில் வெற்றி தோல்வி இல்லை. ஓட முடிந்தவர் ஓடலாம், நடக்க முடிந்தவர் நடக்கலாம். ஒரு வெள்ளி கேட்ட தமிழரும் ஒரு டாலர் கேட்ட கனடியரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவர் கண்டதும் ஒரே உண்மை. எல்லாரும் கொடுக்கும்போதுதான் அது எல்லாருடையதாகிறது.

இனி, செயல்முறையைக் காண்போம். ஓட்டத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே குழு அமைய வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி இலாகாவுக்கும், பாதைக்காகக் காவல் துறைக்கும் நகராண்மைக் கழகத்திற்கும் எழுத்து மூலம் விண்ணப்பித்தல் முதற்கடமை. பொது இடங்களிலும் வீடு வீடாகவும் பணம் திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டுக்கும் தனி அனுமதி உண்டு. “கோயில் காரியந்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?” என்னும் எண்ணம் பள்ளியின் பெயருக்கே இழுக்குத் தேடித்தரும்.

பெரியவர்களுக்கு 5 கிலோமீட்டரும், தொடக்கநிலை மாணவர்க்கு ஒன்றரைக் கிலோமீட்டரும், தாத்தா பாட்டியர்க்குத் திடலைச் சுற்றி ஒரு நடையும் போதுமானவை. வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். பெருஞ்சாலையைக் கடக்காத பாதையைத் தேர்ந்து, ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு தொண்டர்களை நிறுத்துதல் நன்று. இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை குடிநீர் வைக்க வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செம்பிறைச் சங்கத்தினர் திடலில் இருக்க வேண்டும். இதயநோய், இழைப்பு நோய் உள்ளவர்கள் பதிவுப் படிவத்தில் அதனைக் குறிக்க இடம் விட வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐ எட்டினால் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே மாற்று நாள் ஒன்றை முன்கூட்டியே அறிவித்துவிடுதல் அறிவுடைமை.

அனைத்தினும் முதன்மையானது பிள்ளைகளின் மானம். எந்தப் பிள்ளையின் கையிலும் உண்டியல் கொடுத்து அங்காடி வாசலில் நிறுத்தக்கூடாது. இத்தனை சீட்டு விற்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்கும் கட்டளையிடக்கூடாது. சீட்டு விற்ற பிள்ளையின் பெயரைச் சபையில் வாசித்தால், விற்க இயலாத பிள்ளை தலைகுனியும். நன்மைக்கென்று செய்த விழாவில் ஏழை வீட்டுப் பிள்ளை அழுதால், திரண்ட தொகை எவ்வளவாயினும் அது நட்டமே. மாணவர்க்குப் பதிவுக் கட்டணமே வேண்டா. ஓடி முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே வகைப் பதக்கம் தந்தால் போதும்.

விருந்துக்கு வருவோம். நிதி திரட்டும் விருந்து என்ற பெயரில் நிதி கரையும் விருந்துகளே பல. எடுத்துக்காட்டாக, மேசைக்குப் பத்துப் பேராக 40 மேசைகள் என்றால் 400 பேர். ஆளுக்கு 50 ரிங்கிட் எனில் வரவு 20,000 ரிங்கிட். விடுதியில் உணவுக்கு ஆளுக்கு 25 ரிங்கிட் என்றால் 10,000 போய்விடும். மண்டபமும் ஒலிபெருக்கியும் கலைநிகழ்ச்சியும் 3,000. பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம், அச்சு ஆகியவை 3,000. பள்ளிக்கு எஞ்சுவது 4,000 ரிங்கிட்டே. அதாவது, ஒருவர் கொடுத்த 50 ரிங்கிட்டில் 40 ரிங்கிட் அவருக்கே திரும்பிவிடுகிறது.

இதே விருந்தை ஆலய மண்டபத்தில் வாழையிலைச் சைவ உணவாக நடத்தினால் நிலைமை மாறும். அரிசியையும் பருப்பையும் காய்கறியையும் அன்பர்கள் உபயமாகத் தரலாம். மடைப்பள்ளியில் சமைக்கவும் பந்தியில் பரிமாறவும் தொண்டர் படை இருக்கிறது. எஞ்சிய செலவு ஆளுக்கு 8 ரிங்கிட் என்று கொண்டாலும் 3,200. அச்சுக்கும் பிறவற்றுக்கும் 800. பள்ளிக்குச் செல்வது 16,000 ரிங்கிட். வரவு மாறவில்லை, பயன் நான்கு மடங்காகிறது. சைவ உணவு என்பதால் அண்டை அயலிலுள்ள மலாய், சீன நண்பர்களையும் தயக்கமின்றி அழைக்கலாம். சீட்டு வாங்க இயலாத பெற்றோர் பரிமாறும் கைகளாக வரட்டும்; அவர்களும் அதே பந்தியில் அமரட்டும். பிரமுகர்க்கு முன்வரிசை, பிள்ளையின் தாய்க்குப் பின்வாசல் என்னும் ஏற்பாடு ஆலயத்தில் ஆகாது.

இறுதியாகக் கணக்கு. பல ஊர்களில் நல்ல முயற்சிகள் அடுத்த ஆண்டு நடவாமற்போனதற்குக் காரணம் வறுமையன்று, ஐயமே. பணம் தனிநபர் பெயரில் இல்லாமல், இருவர் கையொப்பமிடும் கணக்கில் சேர வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது வழங்க வேண்டும். வரிவிலக்கு உண்டு என்று அறிவிக்குமுன், வருமானவரி வாரியத்தின் ஒப்புதல் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுதல் கடமை. நிகழ்ச்சி முடிந்த ஒரு திங்களுக்குள் வரவு செலவுப் பட்டியலை ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் பள்ளியின் வாயிலிலும் ஒட்டிவிட வேண்டும். ஓராண்டு கழித்து, அப்பணத்தால் எத்தனை பிள்ளைகள் வேனில் வந்தனர், எத்தனை நூல்கள் வாங்கப்பட்டன என்பதையும் அடுத்த விழா மலரில் வெளியிட வேண்டும். அன்று கல்லில் வெட்டினார்கள். இன்று தாளில் அச்சிடலாம். ஊரறிய வேண்டும் என்னும் நெறி ஒன்றே.

மெய்யன்பர்களே! கோபுரம் எழுப்பப் பொருள் கொடுத்த கைகள் இந்தச் சமுதாயத்தின் கைகள். அக்கோபுரத்தின் கீழ் நின்று தேவாரம் ஓதுவதற்கு, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். அப்பிள்ளைகள் உருவாகும் இடம் பள்ளிக்கூடம். ஆண்டுக்கு ஒரு காலைப் பொழுது ஓடுவதும், ஒரு வேளை ஒன்றாய் அமர்ந்து உண்பதும், அதன் பயனைக் காசு குறையாமல் பள்ளிக்குச் சேர்ப்பதும் இயலாத செயல்களல்ல. எடுத்த காரியம் இனிதே நிறைவேற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக!