பாட்டனாரும் பேரனும் ஒரே பதிவில்

வங்கி, ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஸ்தாபனங்கள், பல கிளைகளில் சிதறிக் கிடக்கும் விவரங்களைத் திரட்டி, ஆளுக்கு ஒரு பதிவாகக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வதை மாஸ்டர் டேட்டா நிர்வாகம் என்பார்கள். ஆளுக்குரிய பதிவு தாய். அதைச் சார்ந்த விலாசம், டெலிபோன், கணக்கு முதலியவை சேய்கள். இரண்டு பதிவுகள் ஒரே ஆளைக் குறிப்பவையா என்று கணிக்கும் வித்தைக்கு, கனடாவில் ஃபெலெகி, சுன்டர் என்ற இருவர் 1969-லேயே கணித சாஸ்திர ரீதியாக அஸ்திவாரம் இட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கணிதம் நம்முடைய பெயர் வைக்கும் சம்பிரதாயத்தின் முன்னே திணறுவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ராமசாமியின் மகன் சுப்பிரமணியன். அவருடைய மகனுக்குப் பாட்டன் பெயரான ராமசாமி. அந்த ராமசாமியின் மகனுக்கு மறுபடியும் சுப்பிரமணியன். ஆக, பாட்டனாரும் ரா. சுப்பிரமணியன், பேரனும் ரா. சுப்பிரமணியன்; வீடும் ஒன்றே. நான் பணிபுரிந்த ஓரிடத்தில், பழைய பதிவில் பிறந்த தேதி இல்லாத காரணத்தால், இருவரையும் இயந்திரம் ஒருவராக்கிவிட, பென்ஷன் வாங்கும் பெரியவருக்குக் கல்விக் கடன் தவணை பாக்கி என்று கடிதம் போயிற்று. அவர் அதை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்!

சேர்ப்பது சுலபம்; பிரிப்பது பாகப்பிரிவினையைப் போல வில்லங்கமானது. சேர்க்கும்போதே, எந்தக் கிளையிலிருந்து எந்த எண்ணோடு வந்தது என்ற மூல வரியை அழிக்காமல் அடியில் வைத்திருந்தால்தான் தாயைப் பிரித்தெடுக்க முடியும். சேய்களுக்கும் அப்படியே பூர்வோத்தரம் இருக்க வேண்டும். இல்லையேல் பேரனுடைய பதிவு வெளியே வந்துவிடும், அவனுடைய கடன் மட்டும் பாட்டனாரிடமே தங்கிவிடும். இன்னொரு சூட்சுமமும் உண்டு, கேளுங்கள். இருவருக்கும் விலாசம் ஒன்றாயிருந்தபடியால் அவ்விரு விலாசப் பதிவுகளும் தமக்குள்ளே ஒன்றாகியிருந்தன. தாயைப் பிரித்தபின் அவற்றையும் பிரித்து ஆளுக்கொன்று கொடுக்காவிட்டால் ஒருவர் வீடில்லாதவராகிவிடுவார். சேர்த்த பிறகு எழுதிய ஒரு கைப்பேசி எண்ணோ, எந்தப் பூர்வீகமும் அற்றது. யாருடையது என்று இயந்திரம் சொல்லாது. நாங்கள் அந்த எண்ணுக்கே அழைத்தோம், எடுத்தவர் பாட்டியார்!

நேரம் நெருங்குவதால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரித்த கையோடு, 'இவ்விருவரையும் இனிச் சேர்க்கலாகாது' என்று குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றுமை தேடும் அதே இயந்திரம், அடுத்த சுற்றிலேயே அவர்களை மறுபடியும் ஒருவராக்கிவிடும். உங்கள் இல்லத்திலும் பாட்டனார் பெயர் தாங்கிய பேரன் இருந்தால், வங்கியில் பிறந்த தேதி கேட்கும்போது சலித்துக்கொள்ளாமல் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.